பெட்டி புதுசு, உள்ளே இருந்தது பழசு

புதுச்சேரியில் கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரைப் போட விருப்பமில்லை.

வீட்டு டெஸ்க்டாப் ஆறு வருஷப் பழசு. விண்டோஸ் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். 500 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) ஒன்று போட்டு, ரேமையும் 16 ஜிபி ஆக்கிவிடலாம் என்று கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் கூட வரும் சார், துண்டுச் சீட்டு போதும்ல?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ரேமில் குறையில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எஸ்எஸ்டியைக் காணோம். போன் போட்டால், "கடலூர் உப்புக்காத்து சார், அப்படித்தான்" என்கிறார். நான் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில், தேவனாம்பட்டினம் கரையில் அல்ல!

பக்க மூடியை நானே கழற்றினேன். எம்.2 எஸ்எஸ்டியை (மெல்லிய பட்டை மாதிரி இருக்கும் வகை) ஸ்லாட்டில் சொருகி, மறுமுனையைக் குட்டி ஸ்குரூ ஒன்றால் மதர்போர்டோடு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்து எழும்பி நிற்கும். ஸ்குரூவே இல்லை. செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். சூட்டில் பசை இளகி, டேப் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

செத்துப்போன லேப்டாப்பிலிருந்து ஒரு ஸ்குரூ எடுத்து முடுக்கினேன், உயிர் வந்தது. அதோடு விட்டிருப்பேன். டேப் ஒட்டின கை வேறு என்னென்ன செய்திருக்குமோ என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை (டிஸ்கின் நிலையைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர்தான்) இறக்கிப் பார்த்தேன். பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மொத்த மணிக்கணக்கு: 9,214. ராப்பகலாக ஓட்டியிருந்தாலும் 12 நாளுக்கு 288 மணிதானே? திரையில் காட்டிய சீரியல் நம்பர் ஒன்று, பெட்டியில் ஒட்டியிருந்தது வேறொன்று. திரையில் இருந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரன்டி எப்போதோ முடிந்திருக்கிறது.

நேரில் போய்க் கேட்டேன். "சாஃப்ட்வேர் தப்பா காட்டும் சார்." சீரியல் நம்பர்? "பெட்டி மாறியிருக்கும்." துண்டுச் சீட்டில் "எஸ்எஸ்டி 1, 3400" என்பதைத் தவிர ஒன்றுமில்லை, சீல்கூட இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம்தான், கையில் காட்ட என்ன இருக்கிறது?

வாங்குகிறவர்கள் பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். கடையிலேயே கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, அந்த மணிக்கணக்கைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. முகம் சுளித்தால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த எஸ்எஸ்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகள் போட்டோவை மட்டும் அதில் வைப்பதில்லை.