சிறு தொலைநோக்கியில் ஆட்டோகைடிங்: கோளாறைத் தேடவேண்டிய இடம்

விண்மீன்களைப் படமெடுக்கும்போது ஒரு விண்மீனைத் தனிக் கேமராவால் கண்காணித்து, தொலைநோக்கியின் விலகலைத் தானாகவே திருத்திக்கொண்டே இருப்பதுதான் ஆட்டோகைடிங். 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கி, அதன் மேல் இந்தக் கண்காணிப்புக்கான 120 மி.மீ. குவியத் தொலைவுள்ள கைடு ஸ்கோப், இரண்டையும் சுமந்து வானின் சுழற்சியோடு திரும்பும் எளிய இக்வடோரியல் மவுண்ட், கணினியில் கைடிங்குக்கான பிஎச்டி2 மென்பொருள் என்ற அமைப்பைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். கைடிங் கெட்டவுடன் மென்பொருளின் எண்களை மாற்றிப் பார்க்கத்தான் எவருக்கும் கை போகும். ஆனால் இந்த அமைப்பில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை பல்சக்கரத்திலும் திருகிலும் கேபிளிலும் இருந்தன.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பிக்சலின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206.265ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தொலைவால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை வில்விநாடியை (பாகையின் 3600இல் ஒரு பங்கு) மூடுகிறது என்பது கிடைக்கும். 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட என் கேமராவில் அது சுமார் 1.9 வில்விநாடி, கைடு கேமராவில் ஏறத்தாழ 6.4. விண்மீனின் மையத்தை மென்பொருள் பிக்சலின் சிறு பின்னம் வரை கண்டறிவதால் இந்த வேறுபாடு தடையாவதில்லை. மொத்த ஆர்எம்எஸ் பிழை (விலகல்களின் ஒருவகைச் சராசரி) 1 வில்விநாடிக்குள் நின்றால் இந்தக் குவியத் தொலைவில் விண்மீன்கள் வட்டமாகவே பதிகின்றன. கனமான மவுண்ட் வைத்திருப்பவர்கள் காட்டும் 0.4, 0.5 போன்ற எண்களைத் துரத்துவது வீண் என்பது என் கருத்து.

கோளாறு வந்தால் திருத்தங்களை நிறுத்திவிட்டு, மவுண்ட் தன் போக்கில் எப்படி நகர்கிறது என்று பார்ப்பதே சிறந்த முதல் படி. பிஎச்டி2இல் உள்ள கைடிங் அசிஸ்டென்ட் இதைத்தான் செய்கிறது. அது காட்டும் விலகல் வரைபடத்தில், கிழக்கு-மேற்காகத் திரும்பும் வலஏற்ற அச்சில் சீரான அலை எழுந்தால் அது வார்ம் கியரின் (அச்சைத் திருப்பும் திருகும் பல்சக்கரமும்) சுழற்சிப் பிழை. 135 பற்கள் கொண்ட சக்கரத்தில் அந்த அலை சுமார் 638 விநாடிக்கு ஒருமுறை திரும்பும். வடக்கு-தெற்காகத் திரும்பும் நடுவரை விலக்க அச்சில் கோடு ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போனால் துருவச் சீரமைப்பில், அதாவது மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்தியதில், பிழை இருக்கிறது. 1 வில்நிமிடப் (60 வில்விநாடி) பிழை நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 வில்விநாடி விலகலையே தரும் என்பதால் கைடிங் அதை எளிதில் சமாளிக்கும். பிழை பெரிதானால் புலச் சுழற்சியால் (காட்சி மெல்லச் சுழல்வதால்) படத்தின் மூலைகள் கெடும், அதைக் கைடிங்கால் திருத்த முடியாது.

எனக்கு அதிக உழைப்பு வாங்கியது நடுவரை விலக்க அச்சின் பேக்லாஷ்தான். மென்பொருள் துடிப்பை (அச்சைச் சிறிது நகர்த்தும் கட்டளை) அனுப்பிக்கொண்டே இருக்கும், விண்மீன் அசையாது. பல்லிடைத் தளர்வு தீர்ந்ததும் ஒரேயடியாக மறுபக்கம் தாவும். வார்மை நெருக்கினால் தளர்வு குறைகிறது, ஆனால் சற்று மிகுந்தாலும் அச்சு இறுகிச் சிக்குகிறது. சிறு மவுண்ட்களில் பேக்லாஷ் ஈடுசெய்யும் வசதியைவிட, துருவச் சீரமைப்பில் சிறிது பிழையை விட்டுவைத்து, விண்மீன் நகரும் திசைக்கு எதிராக மட்டும் திருத்தம் தரும் ஒருபக்கக் கைடிங்கையே நான் நம்புகிறேன். வலஏற்ற அச்சில் கிழக்குப் பக்கத்தைச் சற்றுக் கனமாக வைத்தால் பற்கள் எப்போதும் ஒட்டியே ஓடும்.

வரைபடம் அழகாக இருந்தும் படத்தில் விண்மீன் நீண்டிருப்பது இன்னொரு வகைச் சிக்கல். ஒரு மணி நேரப் படங்களைச் சீரமைக்காமல் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். விண்மீன்கள் ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால், கைடு ஸ்கோப்பும் முதன்மைத் தொலைநோக்கியும் ஒன்றுக்கொன்று நெளிகின்றன என்று பொருள். மூன்று திருகு வளையங்களை அகற்றிக் கைடு ஸ்கோப்பை நேரடியாக இறுக்கிப் பொருத்தியதும், ஃபோகசரைப் பூட்டியதும், கேபிள்களை மவுண்ட்டோடு சேர்த்துக் கட்டியதும் எனக்குத் தெளிவான பலன் தந்தன. வரைபடம் ஐயத்துக்கிடமாகத் தட்டையாக இருந்தால், மென்பொருள் பிடித்திருப்பது விண்மீனாக அல்லாமல், எப்போதும் ஒளிரும் பழுதான ஹாட் பிக்சலாக இருக்கலாம். ஒளி படாமல் மூடி எடுத்துச் சேமித்த படங்களான டார்க் லைப்ரரி அதைத் தவிர்க்கும்.

இவற்றுக்குப் பிறகே எண்களுக்கு வருகிறேன். கைடு கேமராவின் எக்ஸ்போஷர் 2 முதல் 3 விநாடி இருந்தால் வளிமண்டலக் கலக்கம் சராசரியாகிவிடுகிறது. அதைக் குறைத்தால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்தத் தொடங்கும். பல விண்மீன்களை ஒருசேரப் பின்பற்றும் வசதியை நான் அணைப்பதே இல்லை. ஒரு துடிப்பு விண்மீனை எவ்வளவு நகர்த்துகிறது என்று மென்பொருள் அளந்தறியும் கேலிப்ரேஷனை வான நடுவரைக்கும் உச்சிவட்டத்துக்கும் (தலைக்கு மேல் வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) அருகே செய்வது முக்கியம், ஏனெனில் 60 பாகை நடுவரை விலக்கத்தில் வலஏற்ற அச்சில் அதே துடிப்பு விண்மீனைப் பாதித் தூரமே நகர்த்தும். துடிப்பை மட்டும் கடத்தும் எஸ்டி4 கேபிளைக் கைவிட்டு, கணினியையும் மவுண்ட்டையும் இணைக்கும் ஆஸ்காம் மென்பொருள் வழியாகத் துடிப்புகளை அனுப்புவதால், தொலைநோக்கி நோக்கும் இடத்தை மென்பொருள் அறிந்து, பழைய கேலிப்ரேஷனையே சரிசெய்து பயன்படுத்திக்கொள்கிறது.

பிஎச்டி2 சேமிக்கும் பதிவுக் கோப்புகளையும் வைத்திருந்து, பருவத்துக்குப் பருவம் ஒப்பிடுகிறேன். வலஏற்ற அலையின் நடுவே முன்பு இல்லாத கூர்மையான தாவல் ஒவ்வொரு சுழற்சியிலும் அதே இடத்தில் தோன்றினால், எந்த எண்ணையும் தொடாமல் வார்ம் கியரைத் திறந்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைப் பூசுகிறேன்.