முதல் விருந்து: தோசையா, இலைச் சாப்பாடா, பிரியாணியா, இடியாப்பமா?

முதன்முதலாக வீட்டுக்கு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் கேட்பது, "என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" என்றுதான். நான் திருப்பி ஒன்று கேட்பேன். அழைப்பு மணி அடித்த பிறகு அடுப்பில் எவ்வளவு வேலை மிச்சம் இருக்கும்? சமைக்கும்போது வருகிற பதற்றம் கொஞ்சம்தான். வந்தவர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்க, கூப்பிட்டவர் மட்டும் அடுப்படியில் வியர்வையோடு நிற்கும்போதுதான் கையும் காலும் உதறுகிறது.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு, மூன்று பர்னர் அடுப்பு, வீட்டு ஆட்களையும் சேர்த்துப் பத்துப் பேர், இரவு எட்டரை மணிச் சாப்பாடு.

தோசையைப் பலர் சுலபம் என்று நம்புகிறார்கள். மாவு இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, வந்ததும் சுட்டுப் போட்டால் ஆயிற்று என்று நினைப்பு. ஆளுக்கு 4 என்றால் 40 தோசை. ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் ஒற்றைக் கல்லில் 80 நிமிடம். இரண்டு கல் போட்டாலும் 40 நிமிடம் அடுப்பை விட்டு நகர முடியாது. இருவர் சாப்பிட எட்டுப் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூரியும் அப்படித்தான், முன்னாலேயே பொரித்து வைத்தால் அமுங்கிப் போகும். டிபன் வகையில் இட்லி ஒன்றுதான் தாங்கும். ஒரு ஈடு 10, 12 நிமிடத்தில் வெந்துவிடும், ஹாட்பேக்கில் போட்டால் ஒரு மணி நேரம் பூப்போல இருக்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் சாயங்காலம் அரைத்தது ராத்திரிக்குள் மாறிவிடும். தக்காளித் தொக்கோ, வெங்காயத்தை வதக்கி அரைத்த காரச் சட்னியோ செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இலைச் சாப்பாடு நம் ஊரில் மரியாதையின் உச்சம், எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் முதல் விருந்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். காரணம் சமையலைவிடப் பரிமாறுவது. சாம்பாருக்கு ஒரு முறை சாதம், ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை, நடுவில் பொரியல், கூட்டு, அப்பளம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டும். பழகின கை இரண்டு வேண்டும். அம்மாவோ அண்ணியோ கூட நின்றால் நடத்திவிடலாம். தனியாக இருக்கிற கணவன் மனைவிக்கு இது விருந்தாளிகளோடு உட்காரவே முடியாத ராத்திரியாகிவிடும். வத்தக்குழம்பை முந்தின நாளே வைத்துவிடலாம், மறுநாள்தான் அது இன்னும் ருசிக்கும். ரசம் அப்படியில்லை, திரும்பக் கொதித்தால் மணம் போய்விடும். வடையும் அப்பளமும் கடைசி நிமிட வேலை. இலை போட ஆசை இருந்தால், துணைக்கு ஆள் கிடைக்கிற ஒரு ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணிக்கு வருவோம். ஒரே பாத்திரம், சாப்பாட்டு நேரத்துக்கு முக்கால் மணி முன்னாலேயே இறக்கிவிடலாம், கனமான அண்டாவில் சூடும் நிற்கும். பக்கத்தில் தயிர்ப் பச்சடி, அவித்த முட்டை, முடிந்தால் கத்திரிக்காய். அடுப்படி வேலை மணி அடிக்கும் முன்பே முடிந்துவிடுகிறது என்பதால் என் அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். பத்துப் பேருக்கு 1 கிலோ சீரகச் சம்பாவும் 1 கிலோ கோழியும் போதும்.

சிக்கல் அளவைப் பெருக்குவதில் இருக்கிறது. வீட்டில் கால் கிலோ போட்டுப் பழகியவர்கள் எல்லாவற்றையும் நாலால் பெருக்கிவிடுகிறார்கள். உப்பையும் மிளகாய்த்தூளையும் பெருக்கலாம், ருசி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தண்ணீரைப் பெருக்கக் கூடாது. ஆவியாகிப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி நாலு மடங்கானால் ஆவி நாலு மடங்காகாது. கால் கிலோவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் சரியாக வந்திருந்தாலும், ஒரு கிலோவுக்கு ஒன்றரை மடங்கை ஒட்டியே நிற்பது நல்லது. தக்காளி, தயிர், கோழி விடுகிற நீரெல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். தம் போடும்போது அண்டாவுக்கு அடியில் தோசைக்கல்லை வைத்தால் அடி பிடிக்காது. 20 நிமிடம் தம், அணைத்தபின் 10 நிமிடம் மூடியைத் தொடாமல் விடுங்கள். பச்சடிக்கு உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னால் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

ஆனால் 1 கிலோ அளவில் ஒரு முறையாவது வீட்டு ஆட்களுக்குச் செய்து பார்க்காமல் விருந்தன்று இறங்க வேண்டாம். குழைந்துவிட்டால் அந்த ராத்திரியைக் காப்பாற்ற வேறு பாத்திரம் இருக்காது. இன்னொன்று, நாள் பார்க்க வேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் கறி தொடாதவர்கள் நிறையப் பேர். புரட்டாசி முழுக்க விலக்கி வைப்பவர்களும், கார்த்திகையில் மாலை போட்டவர்களும் உண்டு. கூப்பிடும்போதே, "நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களா, அன்னைக்கு விரதம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நம்மிடம் அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று சந்தோஷம்தான் படுவார்கள். பத்தில் மூன்று பேர் சைவம் என்றால் பிரியாணியின் பெரிய வசதியே போய்விடுகிறது: இன்னொரு பாத்திரம், இன்னொரு கரண்டி, இன்னொரு அடுப்பு.

இந்த இடத்தில்தான் இடியாப்பம் எல்லாவற்றையும் முந்துகிறது. என் தேர்வு இதுதான். பிழியத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. காலையில் தெருவில் விற்றுக்கொண்டு வருகிறவரிடமோ பக்கத்தில் வீட்டுச் சமையல் செய்து தருகிறவரிடமோ முந்தின நாளே சொல்லி, சாயங்காலம் கிடைக்கும்படி வாங்கிவிடலாம். ஆளுக்கு 5 என்று 50 வாங்குங்கள். எட்டு மணிக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவி காட்டினால் புதிதாகப் பிழிந்ததுபோல ஆகிவிடும். கறி, மசாலா எதுவும் இல்லாததால் சைவமும் அசைவமும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோழிக் குருமா ஒரு பாத்திரம், காய்கறிக் குருமா ஒரு பாத்திரம், குழந்தைகளுக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும். ராத்திரியில் சாதம் வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கும் வயிற்றுக்கு இதம்.

சொதியும் இதற்கு அருமையான ஜோடி. ஆனாலும் முதல் தடவை குருமாவே வையுங்கள். முதல் தேங்காய்ப் பால் ஊற்றிய பிறகு சொதி கொதித்தால் திரிந்துவிடும், பேச்சு மும்முரத்தில் சூடு பண்ணும்போது அது எளிதாக நடக்கும். குருமா அப்படிப் பயமுறுத்தாது. ஆற ஆறக் கெட்டியாகும், அவ்வளவுதான். அரை டம்ளர் வெந்நீர் விட்டு ஒரு கொதி வந்தால் பழையபடி ஆகிவிடும். கடைசியில் கொஞ்சம் தயிர் சாதம் வையுங்கள். பாலை நிறையவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்து, சாப்பிடும் வரை ஃபிரிட்ஜில் வைத்தால் புளிக்காது.

எதைச் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. மதியமே செய்து மேசையில் மூடி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முன்கூட்டியே செய்ததைச் சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாறும் முன் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

எல்லாவற்றையும் வெளியில் வாங்குவது? அதில் குறை ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய்வந்து ஓய்ந்து கிடக்கிற வாரத்தில் அதுவே நல்லது. வாளி பிரியாணி சொல்வதானால் ஆப்பை நம்பி எட்டு மணிக்கு ஆர்டர் போடாதீர்கள். மழையோ நெரிசலோ வந்தால் நேரம் உங்கள் கையில் இல்லை. முந்தின நாள் சொல்லி வைத்து, ஏழரைக்கு நேரில் போய் எடுத்து வாருங்கள். நான் பார்த்தவரை பாதி வாங்கிப் பாதி செய்வதுதான் நன்றாக நடக்கிறது: குருமா உங்கள் கையால், இடியாப்பமும் இனிப்பும் வெளியிலிருந்து.

"வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்கும் சிநேகிதர்களிடம் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லாதீர்கள், ஐஸ்கிரீம் என்று சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்காமலே பூவும் பழமும் கொண்டு வருவார்கள், அதற்கு ஒரு தாம்பாளத்தைக் காலியாக வைத்திருங்கள்.