ராபலா எஃப்11: களப்புக் கொடுவாவுக்கு ஒரு பழைய மரமீன்

வெளிநாட்டு உறவினரின் பயணப் பெட்டியில் இப்போது தூண்டில் சாமான்களும் வருகின்றன. இணையக் கடைகளிலும் பொய்யிரைகளுக்குக் குறைவில்லை: உள்ளே குண்டு கிலுங்குபவை, மூட்டு மூட்டாக மடிபவை, ரப்பர் வாலை ஆட்டுபவை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் தூண்டில் போடும் இளைஞர்களின் பெட்டிகள் நிறைந்துதான் இருக்கின்றன. ஆனால் கொடுவா எப்போதாவது ஒன்றுதான் படுகிறது. கொடுவா ஒழுங்காகப் படவேண்டும் என்றால் பெட்டியைப் பெருப்பித்துப் பயனில்லை. ஒரே ஒரு பொய்யிரையைச் சரியாகக் கட்டவும் சரியாக ஓட்டவும் பழக வேண்டும். அப்படிப் பழகுவதற்கு நாங்கள் சிபாரிசு செய்வது ராபலாவின் ‘ஒரிஜினல் ஃப்ளோட்டர்’, 11 சென்ரிமீற்றர் அளவு. பெட்டியின் மேல் எஃப்11 என்று இருக்கும்.

இது புதுச் சரக்கு அல்ல. பின்லாந்து மீனவரான லவுரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசி முதலாவதைச் செய்தார். கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் ஒரு மீனைத்தான் பெரிய மீன் முதலில் அடிக்கிறது என்பது அவர் கண்டது. அந்தத் தள்ளாட்டம்தான் இதன் முழு வித்தை. இப்போது பால்சா மரத்தில் செய்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் 1960களில் இதைத் தேடி அலைந்தார்கள். இன்றும் அங்கே அடிப்படைக்குத் திரும்பு என்றால் பலர் கையில் எடுப்பது இதைத்தான். எங்கள் கொடுவாவும் பதுங்கிக் கிடந்து அடிக்கும் சாதி. இறாலும் மணலையும் தின்பது. தள்ளாடும் சிறுமீனை அதுவும் விடாது.

நிறை 6 கிராம். கிலுக்குக் குண்டு கிடையாது. எறிந்தால் மிதக்கும், இழுத்தால் தலையைக் குனிந்து ஒன்றரை மீற்றர் அளவுக்கு இறங்கும், நிறுத்தினால் மெல்ல மேலே வரும். நந்திக்கடல் போன்ற ஆழமில்லாத களப்புக்கு இந்தக் குணம் பெரிய வாய்ப்பு. அடியில் கிடக்கும் கண்டல் வேரிலோ பழைய மரக்குற்றியிலோ முட்டினால் இழுப்பதை நிறுத்துங்கள். பெரும்பாலும் தானாகக் கழன்று மேலே வந்துவிடும். அமிழும் பொய்யிரையாக இருந்தால் அந்த இடத்தில் நூலை அறுக்க வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. 6 கிராம் என்பது மிகவும் இலேசு. வாடையோ சோளகமோ முகத்தில் அடிக்கும்போது எறிந்தால் பாதித் தூரம் போகுமுன் சுழன்று முள்ளிலேயே நூல் மாட்டிக்கொள்ளும். தலைக்கு மேலால் எறியாமல் பக்கவாட்டில் தாழ எறிய வேண்டும். தண்ணீரைத் தொடுமுன் ரீலில் இருந்து ஓடும் நூலை விரலால் மெல்லத் தடுத்தால் பொய்யிரை நிமிர்ந்து நூல் சிக்காமல் விழும். அதையும் மீறிக் காற்று பலமாக இருந்தால் காற்று முதுகில் படும் கரைக்கு மாறுவதே புத்தி. அடுத்தது முள். சின்ன மீனுக்கு அளவான முள்ளோடுதான் வருகிறது. மூன்று கிலோவைத் தாண்டிய கொடுவா தலையை உதறினால் மெல்லிய கம்பி விரியும். அதே அளவில் தடித்த கம்பி முள்ளை மாற்றிக்கொள்ளுங்கள். அளவைக் கூட்ட வேண்டாம். மாற்றியபின் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும்: முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய மிதந்தால் சரி, வால் தொங்கினாலோ உடல் முழுக்க அமிழ்ந்தாலோ முள் பாரம் கூடிவிட்டது. முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் முட்கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனைக் கழற்றுவதும் சுகம், விரலில் ஏறினால் எடுப்பதும் சுகம்.

தடி ஏழடி, 5 முதல் 20 கிராம் வரை எறிய ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். ரீல் 2500 அல்லது 3000 அளவு. பின்னல் நூல் 15 இறாத்தல் பாரம் தாங்குவது. தடித்த நூல் பலம் என்று நினைத்து 40 இறாத்தல் நூலைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். தூரமும் போகாது, நூல் தண்ணீரில் இழுபட்டுப் பொய்யிரையின் ஆட்டமும் செத்துவிடும். பின்னல் நூலின் முனையில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 30 இறாத்தல் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) கட்ட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. கொடுவாவுக்குக் கோரைப்பல் இல்லை, ஆனால் அதன் வாய் அரத்தாள் போலச் சொரசொரப்பு. செவுள் மூடியின் விளிம்போ கத்தி. மெல்லிய தங்கூசி இரண்டு துள்ளலுக்குத் தாங்காது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை மீற்றரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். வெட்டிய துண்டு பைக்குள் போகட்டும்; கரையில் கிடந்தால் கொக்கின் காலில்தான் சுற்றும்.

முடிச்சில்தான் பலர் கெடுக்கிறார்கள். தங்கூசியைப் பொய்யிரையின் மூக்கில் உள்ள கம்பிக் கண்ணில் இறுக்கிக் கட்டினால் பொய்யிரை கட்டைபோல வரும். பாரமான சுழலியைக் கொளுவினால் மூக்குத் தாழ்ந்து ஆட்டம் குறையும். வேண்டியது இறுகாத வளையம். நுனியில் இருந்து ஒரு சாண் தள்ளி ஒற்றை முடிச்சொன்றைத் தளர்வாகப் போடுங்கள். நுனியைப் பொய்யிரையின் கண்ணில் நுழைத்து, அந்தத் தளர்ந்த முடிச்சின் நடுவால் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு மேல்நூலைச் சுற்றி மூன்று சுற்று. நுனியை மறுபடி முதல் முடிச்சுக்குள் பின்பக்கமாக விட்டு, அப்போது உண்டாகும் புதிய வளையத்துக்குள்ளாலும் எடுத்து, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். மூக்குக்கு முன்னால் சுண்டுவிரல் நகமளவு வளையம் நிற்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் தங்கூசி சூட்டில் வெந்து அந்த இடத்திலேயே அறும்.

கட்டியதும் காலடித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். நேராக வர வேண்டும், வால் படபடவென்று அடிக்க வேண்டும், அந்த அடி தடி நுனியில் தெரிய வேண்டும். கடையில் இருந்து வரும்போது நேராகத்தான் ஓடும். ஒரு மீன் பட்டபின், ஒரு கல்லில் மோதியபின் பக்கம் சாயும். பொய்யிரை உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மூக்குக் கண்ணைக் குறட்டால் வளைக்க வேண்டும். மயிரளவு போதும். வளைத்து, இழுத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னும் மயிரளவு. முறுக்கினால் கண் மரத்துக்குள் ஆடத் தொடங்கும், தண்ணீர் உள்ளே போகும், பொய்யிரை வீண். நிறம் சரியில்லை, மீன் இல்லை என்று சொல்லப்படும் நாட்களில் பாதிக்கு மேல் காரணம் இந்தச் சாய்வுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். சரிந்து ஓடும் பொய்யிரையை எத்தனை தரம் எறிந்தாலும் கொடுவா திரும்பிப் பார்க்காது.

ஓட்டும் முறை ஒன்றே போதும். மீன் நிற்கும் என்று நினைக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் அப்பால் எறியுங்கள். விழுந்த வட்டம் அடங்கும்வரை தொடாதீர்கள். தடியைத் தாழ்த்தி ஒரு சாண் அளவுக்கு இரண்டு சுண்டு. இரை தலைகுனிந்து பளிச்சிடும். மெதுவாக மூன்று நாலு சுற்று ரீலை ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு மூன்று விநாடி விடுங்கள், மேலே வரட்டும். அடி பெரும்பாலும் இந்த நிறுத்தத்தில்தான் விழும். அவசரமாக ஓட்டுவதே எல்லோரும் விடும் பிழை. வேகம் கூடினால் இது பக்கமாகப் புரண்டு வெளியே வரும். கொடுவா இரையைத் தண்ணீரோடு உறிஞ்சும்போது ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே தடியை மேலே தூக்கினால் பொய்யிரை வாயில் இருந்து கழன்று வந்துவிடும். பாரம் தெரிந்தபின் தடியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மீன் துள்ளப் போகிறது என்றால் நூல் நீர்மட்டத்தை நோக்கிக் கிளம்பி வருவது தெரியும். அப்போது தடி நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்துங்கள், நூல் தளரவும் கூடாது.

நூலை ஒரு தராசில் மாட்டி இழுத்து, 2 கிலோவில் நூல் வழுகும்படி ரீலின் பிடியை, அதாவது நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகை, வையுங்கள். கையால் இழுத்துக் குத்துமதிப்பாகப் பார்ப்பது எப்போதும் இறுக்கமாகத்தான் முடியும், முள் விரிவதும் தங்கூசி அறுவதும் அதனால்தான்.

இனி இடம். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் அந்தத் தண்ணீர் எல்லாம் ஒடுங்கிய வாயால் போய்வருவதால் முகத்துவாரத்தில் இழுப்பு இருக்கும். கொடுவா இழுப்புக்குள் நிற்பதில்லை. இழுப்பும் அசையாத தண்ணீரும் சந்திக்கும் ஓரத்தில், ஒரு தூணின் அல்லது கண்டல் வேரின் பின்னால், மேல்நீரை நோக்கி முகம் வைத்து நிற்கும். ஆகவே பொய்யிரை இழுப்போடு சேர்ந்து அதன் முகத்துக்கு வரவேண்டும். வாடை மழையில் வயல்வெளித் தண்ணீர் மதகுகளால் களப்புக்கு இறங்கும் இடமும் நல்ல இடம், கலங்கலும் தெளிவும் கோடுபோலப் பிரியும் அந்த விளிம்பு. அங்கே இறாலும் குஞ்சுமீனும் அடித்துவரப்படும். விடியலும் மைம்மலும் நல்ல நேரம், அதோடு தண்ணீர் அசைவும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நிறத்தில் இரண்டு போதும்: தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்கு தங்கம்.

எங்கே போடலாம் என்பதைக் கேட்டுத்தான் போக வேண்டும். நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. சுண்டிக்குளம் தேசிய பூங்கா, கொக்கிளாய் பறவைகள் சரணாலயம். ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் விசாரித்தால் எந்தக் கரை, எந்த நேரம் என்று சொல்வார்கள். வீச்சுவலை போடுபவருக்கு அது சோறு; அவர் நிற்கும் இடத்துக்குக் கிட்ட எறிய வேண்டாம். பாவனையில் உள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. கண்ணிவெடிப் பலகை இல்லாத இடத்திலும் இந்த ஒழுங்கைக் கைவிடக் கூடாது. ஆறு சேரும் இடங்களில் முதலை உண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிவது வேண்டாம்.

பட்ட மீனைச் செவுளுக்குள் விரல்விட்டுத் தூக்காதீர்கள், மூடியின் விளிம்பு ஆழமாக வெட்டும். கீழ்த்தாடையை மீன் பிடிக்கும் கவ்வியால் பிடித்து, வயிற்றுக்குக் கீழே மற்றக் கையைக் கொடுக்க வேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து பல வருடங்களுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை எல்லாம் சினைத்தாய்கள்தான். நடுத்தரத்தில் ஒன்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு பெரியதைத் தண்ணீரில் விடுவதே களப்புக்கு நல்லது.

குளத்து விராலுக்கு இதை வாங்க நினைத்தால் வேண்டாம் என்றே சொல்வோம். வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டிலோ தாமரையும் அல்லியும் மூடிய ஓரத்தில் எறிந்தால் மும்முனை முள் கொடியைத்தான் பிடிக்கும். அங்கே முள் மறைந்த ரப்பர் தவளை எடுபடும்.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். பால்சா கையில் காற்றுப்போல இருக்கும். பாரமாக இருந்தால், குலுக்கும்போது சத்தம் வந்தால், அது பிளாஸ்ரிக். விலை குறைந்த பிளாஸ்ரிக் மீன்கள் மீன் பிடிக்காதவை என்று சொல்ல மாட்டோம், ஆனால் இந்த மெதுவான தள்ளாட்டம் அவற்றில் இல்லை. உப்புத் தண்ணீரில் பாவித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, முள்ளை அரத்தால் தீட்டி வையுங்கள். தீட்டிய முள்ளை நகத்தின் மேல் வைத்தால் வழுகாமல் குத்தி நிற்க வேண்டும். ரீலின் பிடியைத் தளர்த்திவிட்டுத்தான் மூலையில் வைக்க வேண்டும். பேத்தை கடித்தோ கல்லில் அடிபட்டோ பூச்சு உடைந்து மரம் தெரிந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, இரண்டு பசைகளைக் கலந்து பூசும் எபொக்சி ஒட்டுப்பசையை மிக மெல்லிதாகத் தடவி, காய்ந்தபின் மறுபடியும் வாளியில் மிதக்கவிட்டுப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். ஈரம் உள்ளே இருக்க மேலே பூசினால் மரம் ஊதி வெடிக்கும், பிறகு எந்தத் திருத்தமும் உதவாது.