கீலுக்குக் கேட்டலாக், விலைக்கு ஃபோன்

மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் சாமான் வாங்கும் முன் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று யாரைக் கேட்டாலும், இப்போதெல்லாம் "நெட்ல பாரு" என்பதுதான் பதில். அச்சடித்த கேட்டலாக்கையும் நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். கீல், டிராயர் இழுக்க ஓடும் சேனல், பூட்டு மாதிரியான ஃபிட்டிங்ஸ் விஷயத்தில் கம்பெனிகள் தரும் தடி கேட்டலாக்குக்குப் பக்கத்தில் எந்த ஆன்லைன் கடையும் நிற்க முடியாது. கைக்கருவி என்றால் கதை வேறு. மரத்துக்கு இரண்டுமே உதவாது.

எந்தக் கேட்டலாக் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெட்டிக், ஹாஃபெலே, புளூம், எப்கோ. முதல் இரண்டும் ஜெர்மனி, புளூம் ஆஸ்திரியா, எப்கோ நம்ம மும்பை. ஹெட்டிக் 1888ல் தொடங்கியது, ஹாஃபெலே 1923ல், புளூம் 1952ல். (புளூம் முதலில் செய்தது கீல் இல்லை, குதிரை லாடத்தில் பொருத்தும் குமிழ். கேட்டலாக்குக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.) மாடுலர் கிச்சன் முன்னால் ஒரு பெண் காபிக் கோப்பையோடு சிரிக்கிற வழவழப்பான புத்தகத்தை நான் சொல்லவில்லை, அது விளம்பரம். டீலருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் தருவதற்காக அடிக்கிற டெக்னிகல் கேட்டலாக்கைச் சொல்கிறேன். புத்தகத்தைப் புரட்டினால் போட்டோவைவிடக் கோட்டுப்படமும் அட்டவணையும் அதிகமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

சரி, ஒரு கீலையே எடுத்துக்கொள்வோம். அலமாரி ஷட்டருக்கு, அதாவது கதவுக்குப் போடும், வெளியே தெரியாத கீல், கடையில் ஆட்டோ ஹிஞ்ச் என்பார்கள். கடைக்குப் போய் "ஒரு ஜோடி ஆட்டோ ஹிஞ்ச் குடுங்க அண்ணே" என்றால் அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "ஜீரோ கிராங்க்கா, எட்டா, பதினாறா சார்?" ஷட்டர் பக்கப் பலகையை முழுசாக மூடினால் ஜீரோ. நடுப்பலகை ஒன்றில் இரண்டு பக்கமும் ஷட்டர் வந்து ஆளுக்குப் பாதி பங்கு போட்டுக்கொண்டால் எட்டு. ஷட்டர் சட்டத்துக்கு உள்ளேயே உட்கார்ந்தால் பதினாறு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் கொஞ்சம் மாறும், கணக்கு ஒன்றுதான். மூன்றையும் தனித்தனியாக மேஜையில் வைத்தால் புதிதாக வருகிறவருக்கு ஒன்றுபோலவே தெரியும், கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம், அந்த வளைவுதான் கிராங்க். கேட்டலாக்கில் மூன்றும் ஒரே பக்கத்தில், மேலிருந்து வெட்டிப் பார்த்த படத்தோடு, பலகை எங்கே ஷட்டர் எங்கே என்று கோடு போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். எட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஜீரோவைத் தேடிப் போகிறவனுக்கும் அது கண்ணில் பட்டுவிடும். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யத் தெரியாத கேள்விக்கும் பதில் கிடைக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

படத்துக்குக் கீழே வருவது அதைவிட முக்கியம். கீலின் கிண்ணம் போன்ற பாகம் உட்கார ஷட்டரில் போடும் கப் ஓட்டையின் விட்டம் 35 மி.மீ., ஆழம் 11.5லிருந்து 13க்குள், ஓட்டையின் ஓரத்துக்கும் ஷட்டர் விளிம்புக்கும் நடுவில் விடவேண்டிய இடம் 3லிருந்து 6 மி.மீ. வரை. இந்த மூன்றாவது எண்ணை ஒரு மி.மீ. கூட்டினால் ஷட்டர் பக்கப் பலகையை ஒரு மி.மீ. அதிகமாக மூடும், கீலைப் பக்கப் பலகையில் பிடித்து நிறுத்தும் அடித்தட்டின் உயரத்தை ஒரு மி.மீ. கூட்டினால் ஒரு மி.மீ. குறைவாக மூடும். இதை ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். அது கையில் இருந்தால் ட்ரில்லைத் தொடுவதற்கு முன்பே இரண்டு ஷட்டர்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி வரும் என்று பேப்பரிலேயே தெரிந்துவிடும். 12 மி.மீ. பிளைவுட்டில் இந்தக் கீல் ஏன் ஆகாது என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆழத்தைப் பார்த்தாலே புரியும். தடிமனான ஷட்டராக இருந்தால் திறக்கும்போது பக்கத்து ஷட்டரில் முட்டாமல் இருக்க குறைந்தபட்சம் எவ்வளவு விடவேண்டும் என்பதற்கும் அங்கேயே ஓர் அட்டவணை.

இதே கீலை ஆன்லைனில் தேடிப் பாருங்கள். தலைப்பு மூன்று வரி ஓடும், ஹெவி டியூட்டி, சாஃப்ட் குளோஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிரீமியம், கிச்சன், பெட்ரூம், ஆஃபீஸ் எல்லாம் இருக்கும், கிராங்க் மட்டும் இருக்காது. அளவு என்ற இடத்தில் அட்டைப்பெட்டியின் நீள அகலத்தைப் போட்டிருப்பார்கள். ஒரு கடையில் ஜீரோ, எட்டு, பதினாறு மூன்றுக்கும் ஒரே பக்கம், கஸ்டமர் கருத்துகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. "ஷட்டர் மூடவே மாட்டேங்குது, காசு வேஸ்ட்" என்று ஒருவர் திட்டியிருந்தார். கீல் மோசமா, தப்பான கிராங்க்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அங்கே ஆர்டர் செய்ததில் எட்டுக்குப் பதில் ஜீரோ வந்தது, திருப்பி அனுப்பினால் மறுபடி ஜீரோ. பெட்டி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என்னவோ எட்டு என்றுதான் இருந்தது.

யூடியூப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழிலேயே மரவேலை வீடியோக்கள் நிறைய வருகின்றன, நல்ல கைவேலைக்காரர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் பாதிப் பேர் "இங்க இவ்ளோ விட்டுக்கோங்க" என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் விரல் எவ்வளவு பருமன் என்று எனக்கு எப்படித் தெரியும்!

டிராயர் சேனலுக்கும் இதே கதைதான், அதனால் நீட்டவில்லை. சாதாரண டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், ஆகமொத்தம் டிராயர் நுழையும் பெட்டியின் உள் அகலத்தில் 25, 26 மி.மீ. கழித்தால் டிராயரின் வெளி அகலம் வந்துவிடும், இது எல்லா ஆசாரிக்கும் மனப்பாடம். அடியில் மறைவாக வரும் சேனலில்தான் விஷயமே இருக்கிறது. புளூமின் டாண்டெம் வகைக்கு, பக்கப் பலகை 16 மி.மீ.க்கு மேல் போகாத டிராயர் என்றால், டிராயரின் உள் அகலம் பெட்டியின் உள் அகலத்தில் 42 மி.மீ. குறைவாக இருக்கவேண்டும், பின்பலகையில் எங்கே வெட்டுவது, கொக்கிக்கு எங்கே ஓட்டை போடுவது என்பதும் உண்டு. இதெல்லாம் கேட்டலாக்கில் ஒரே படத்தில் முடிந்துவிடும். ஆனால் அது எப்படி உள்ளே போய் மாட்டுகிறது என்பதைப் படத்தை வெறித்துப் பார்த்தால் புரியாது, அதற்குக் கம்பெனியே போடும் அனிமேஷன் வீடியோவைப் பார்த்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. அந்த மார்க்கை ஆன்லைனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அச்சுக் கேட்டலாக்கின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. விலை இருக்காது, இருந்தாலும் பழசாகியிருக்கும். புத்தகத்தில் இருக்கும் சாமான் கடையில் இருக்காது, "அந்த மாடல் நிறுத்திட்டாங்க சார்" என்று சொல்லிக் கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டுவார். தொழில்காரர்களுக்காகப் போட்டது என்பதால் பெட்டிக் கணக்கில்தான் பேசும், ஒரு ஜோடி கேட்கிறவனை அதற்குத் தெரியாது. ஷட்டரைச் சத்தமில்லாமல் மெதுவாக மூடவைக்கும் சாஃப்ட் குளோஸ் ஒரு வருஷத்தில் தளர்ந்துவிடுமா என்று எந்தக் கம்பெனியாவது தன் புத்தகத்தில் எழுதுமா? அதற்குத் திட்டித் தீர்த்திருக்கும் கஸ்டமர்களைத்தான் படிக்கவேண்டும்.

இதே கேட்டலாக் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். சாமானின் ஆர்ட்டிகிள் நம்பர் தெரிந்தால் நொடியில் பக்கத்துக்குப் போய்விடலாம். நம்பர் தெரியாமல் மேய வேண்டும் என்றால் ஃபோனில் எரிச்சல்தான் மிச்சம், அட்டவணையைப் பெரிதாக்கினால் தலைப்பு ஓடிவிடும், எந்த எண் எந்த வரிசை என்று தெரியாது, கையெல்லாம் மரத்தூளும் ஃபெவிகாலுமாக இருக்கும்போது திரையைத் தொடவும் முடியாது. தேவைப்படும் ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கீல் பக்கம் என் மொட்டைமாடி ஷெட்டில் அப்படித்தான் தொங்குகிறது, மேலே பென்சிலால் என் பிளைவுட்டின் நிஜத் தடிமனை எழுதி வைத்திருக்கிறேன். 18 மி.மீ. என்று வாங்கியது வெர்னியர் அளவுகோலில் 17 சொச்சம்தான் காட்டியது.

இனி கைக்கருவி. இழைப்புளி, உளி, ரம்பம் இதற்கெல்லாம் இங்கே கிடைக்கும் அச்சுக் கேட்டலாக் சுமார்தான், ஒரு படம், ஒரு நம்பர், ஒரு நீளம், அவ்வளவுதான். இரும்பு இழைப்புளிக்கு இன்றைக்கும் ஓடுவது ஸ்டான்லியின் பழைய நம்பர்தான். நாலாம் நம்பர் ஏறக்குறைய 9¾ அங்குலம், அஞ்சாம் நம்பர் 14, ஏழாம் நம்பர் 22. இந்தியக் கம்பெனிகளும் இதையொட்டியே நம்பர் போடுகின்றன, அதனால் அளவில் குழப்பம் வராது. தெரியவேண்டியது வேறு: அடிப்பாகம் சமமாக இருக்கிறதா, தகடு தீட்டினால் முனை நிற்கிறதா, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எவ்வளவு வேலை வைக்கிறது. அதை வாங்கிக் கஷ்டப்பட்டவர்கள்தான் சொல்லமுடியும், அவர்கள் இருப்பது ஆன்லைனில். இங்கே கண்ணை மூடிக்கொண்டு நெட் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கனடாவின் லீ வேலி. லெனார்ட் லீ 1978ல் ஒட்டாவாவில் தொடங்கிய கம்பெனி, வெரிடாஸ் என்ற பெயரில் சொந்தமாகவும் கருவி செய்கிறார்கள். அவர்கள் கேட்டலாக்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பத்தி உண்டு. இது எதற்கு ஆகும், தகடு எவ்வளவு தடிமன், என்ன எஃகு என்று கடைக்கார அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி இருக்கும். வாங்கும் உத்தேசமே இல்லாமல் ராத்திரி படுக்கையில் வைத்துப் படிக்கலாம். இழைப்புளி பக்கங்களில் சாமான் நம்பரெல்லாம் 05பி என்று தொடங்கும், அதில் பாதி எனக்கு அத்துப்படி. தபால் செலவும் சுங்கமும் சேர்த்தால் இங்கே விலை கட்டுப்படியாகாது, அது தனி வயிற்றெரிச்சல். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கேயே லீ வேலிக்குக் கடை உண்டு, ஊருக்கு வரும்போது ஒரு கேட்டலாக் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பிளைவுட் கம்பெனிப் புத்தகங்களில் எல்லாப் பலகையும் தண்ணீரில் கிடந்தாலும் உப்பாது, பூச்சி அரிக்காது, ஆயுசுக்கும் கேரண்டி. ஆன்லைனில் தேக்கு என்று தேடினால் தேக்கு நிறத்தில் பெயிண்ட் அடித்த பார்ட்டிகிள் போர்டும் வந்து நிற்கும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையைப் பலகை மேலேயே தேடுங்கள், 710தான் தண்ணீரைத் தாங்கும் மெரைன் கிரேடு. தேக்கு வேண்டுமென்றால் மர டிப்போவுக்குப் போய் வெட்டுமுனையைக் கண்ணால் பாருங்கள்.

கேட்டலாக் எங்கே கிடைக்கும்? சென்னையில் சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் பிளைவுட், ஹார்டுவேர் டீலர்களிடம் கேட்டுப் பாருங்கள், மற்ற ஊர்களில் அந்தந்தக் கம்பெனி டீலரிடம். நாலு கீல் வாங்க வந்தவன் கேட்டால் முதலில் தயங்குவார்கள், புது எடிஷன் வந்தவுடன் போய்ப் பழசைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தந்துவிடுவார்கள். ஓட்டை அளவு அவ்வளவு சீக்கிரம் மாறிவிடாது, பழசே போதும். விலைப்பட்டியல் தனித் தாளாக இருக்கும், அதைக் கேட்காதீர்கள், டீலர் விலை அதில் இருக்கும் என்பதால் முகம் மாறிவிடும். நம்பரைக் குறித்துக்கொண்டு வாசலில் நின்று ஃபோனில் விலை பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்ப் பேரம் பேசுங்கள்.