சோனி ஏ6700, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ்20: பயணத்துக்கும் வேலைக்கும் ஒரே கேமரா என்றால் எது?

இரண்டுமே 2023-ல் வந்தவை. இரண்டிலும் 26 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார்தான். பேட்டரி, கார்டு போட்டு நிறுத்தால் சோனி 493 கிராம், ஃபியூஜி 491 கிராம். படத் தரத்தையும் எடையையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். வீடியோ உங்கள் வேலையில் எத்தனை பங்கு, அதில் ஆட்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

ஒருவர் பேசிக்கொண்டே நடக்கிறார், நடுவில் முகத்தைத் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகம் மறைந்தாலும் தலையையும் உடலின் அமைப்பையும் வைத்து ஏ6700 அவரை விடாமல் பிடித்திருக்கும். எக்ஸ்-எஸ்20 பல நேரம் பின்னணிக்குத் தாவி, பிறகு திரும்பி வரும். வீடியோவில் இந்தத் தாவல் அப்பட்டமாகத் தெரியும். எடிட்டிங்கில் சரிசெய்யவும் முடியாது. அசையாத ஆளுக்கும் நிலக்காட்சிக்கும் இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. ஃபியூஜியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முகம், கண் கண்டறிதல் ஒரு மெனுவில், பறவை, விலங்கு, வாகனம் வேறு மெனுவில். ஒன்றை இயக்கினால் மற்றது அணைந்துவிடும். பறவையில் விட்டுவிட்டு ஆளைப் படமெடுத்தால் கண்ணில் ஃபோகஸ் நிற்காது. இரண்டையும் தனித்தனி பட்டனில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, கோணம் குறுகுவது. 18 மி.மீ. லென்ஸ் இந்த சென்சாரில் முழு ஃப்ரேம் கணக்குப்படி 27 மி.மீ.க்குச் சமம்; எண் கூடக் கூட, சட்டத்துக்குள் அடங்கும் காட்சி குறுகும். 4கே 60-ல், அதாவது விநாடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் 4கே வீடியோவில், ஃபியூஜி சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு 1.18 மடங்கு வெட்டுவதால் அது ஏறக்குறைய 32 ஆகிவிடும். கையை நீட்டி உங்களையே எடுக்கும்போது முகம் சட்டத்தை அடைத்துக்கொள்ளும். சோனி 4கே 60-ஐ ஏறத்தாழ முழு அகலத்தில் தருகிறது. ஆனால் 4கே 120-க்குப் போனால் 1.58 மடங்கு வெட்டு. அதே லென்ஸ் 43-ஐத் தொடும். ஃபியூஜியில் 4கே 120 இல்லவே இல்லை.

ஃபியூஜியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சென்சார் முழுவதையும் 3:2 வடிவில் 6.2கே 30 ஃப்ரேமில் பதிவுசெய்யலாம். ஒரே டேக்கிலிருந்து கிடைமட்ட வீடியோவும் செங்குத்து ரீலும் வெட்டியெடுக்கலாம். வாடிக்கையாளர் இரண்டும் கேட்கும் வேலைக்கு இது பெரிய வரம். கூடவே கிளாசிக் குரோம், கிளாசிக் நெகட்டிவ் போன்ற ஃபிலிம் சிமுலேஷன்கள், அதாவது பழைய ஃபிலிம்களின் நிறத்தைக் கேமராவிலேயே தரும் அமைப்புகள். பயணத்தில் லேப்டாப்பைத் திறக்காமல் ஜேபெக்கை அப்படியே அனுப்ப நினைப்பவருக்கு சோனியின் நிறங்கள் இந்த அளவுக்குத் திருப்தி தராது. கேமரா பதப்படுத்தாத ரா கோப்பில் வேலைசெய்பவர் என்றால் கவனம்: ஃபியூஜி சென்சாரின் தனி நிற அமைப்பான எக்ஸ்-ட்ரான்ஸில் பதிவான கோப்புகளில் சில மென்பொருள்கள் இலை, புல் போன்ற நுண்விவரங்களைப் புழு நெளிவதுபோல் ஆக்கிவிடும். ஷார்ப்பனிங்கைக் குறைத்துப் பாருங்கள்.

நீண்ட 4கே 60 பதிவில், வெயிலில், இரண்டுமே சூடாகும். இரண்டிலும் தானாக அணையும் வெப்பநிலையை 'உயர்' என்று மாற்றி, திரையைக் கேமராவின் உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். ஃபியூஜிக்குப் பின்புறம் திருகி மாட்டும் மின்விசிறி தனியாகக் கிடைக்கிறது. உட்கார்ந்து நேர்காணல் எடுப்பவருக்கு உதவும்.

கையாளுதலில், சோனியின் உயரம் 69 மி.மீ., ஃபியூஜியின் உயரம் 85. மேற்புறம் தட்டையாக இருப்பதால் சோனி பைக்குள் சுலபமாகச் செருகிக்கொள்ளும். ஆனால் அதில் ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இல்லை, திரையைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டும். ஃபியூஜியில் ஜாய்ஸ்டிக் உண்டு. ஒரு சார்ஜில் சோனி சுமார் 570 படம், ஃபியூஜி சுமார் 750. சிறு ஃபிளாஷும் ஃபியூஜியில்தான். தூசி, ஈரத் தடுப்பு மட்டும் சோனியில் இருக்கிறது, ஃபியூஜியில் இல்லை. மழைக்காட்டுக்கும் கடற்கரைக்கும் அடிக்கடி போகிறவர் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலுக்குத் தடுப்பு இருந்து லென்ஸுக்கு இல்லையென்றாலும் பயனில்லை.

லென்ஸைப் பொறுத்தவரை சிக்மா 18-50 எஃப்/2.8 இரண்டு கேமராவின் மவுன்ட்டிலும் (லென்ஸ் மாட்டும் வளையம்) கிடைக்கிறது, 300 கிராமுக்கும் குறைவு. இந்த எடைக்கு இதைவிட நல்ல பயண லென்ஸ் சொல்வது கடினம். அதில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இல்லாததால் கேமரா உடலுக்குள் இருப்பதையே நம்ப வேண்டும்: ஃபியூஜி 7 ஸ்டாப், சோனி 5 ஸ்டாப் என்று அறிவித்திருக்கிறார்கள் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்துவைக்க இடம் தரும்). மங்கலான வெளிச்சத்தில் அசையாத கட்டடத்தை எடுக்க அந்தக் கூடுதல் பயன்படும். நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவில் இரண்டும் ஆட்டத்தைச் சமன்செய்யும் தாங்கியான கிம்பலுக்கு ஈடாகாது.

திருமணம்போல் திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிகளுக்குக் கூலி வாங்குகிறீர்கள் என்றால் இரண்டையுமே பரிந்துரைக்க மாட்டேன். இரண்டிலும் ஒரே கார்டு ஸ்லாட். கார்டு போனால் வேலையே போயிற்று. மற்ற வேலைகளில் வீடியோ பாதிக்கு மேல் இருந்தால் ஏ6700. படம் முதலில், வீடியோ அவ்வப்போது என்றால் எக்ஸ்-எஸ்20.

வாங்குமுன் கடையில் உங்கள் கார்டைப் போட்டு, எல்இடி விளக்கின் கீழ் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/500-ல் சில படம் எடுங்கள். பல விளக்குகளில் வரிவரியாகக் கோடு விழுவதைப் பார்க்கலாம். உள்ளரங்கில் மெக்கானிக்கல் ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேமரா என்றால் எஃப்/16-ல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. ஊதுபந்தால் ஊதியும் போகாவிட்டால் சுத்தம் செய்யும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.