பிளஸ் ஒன் குரூப்: மாநிலப் பாடத்திட்டத்தில் என்ன கிடைக்கிறது, எங்கே சிக்கல்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடும். யோசிக்கக் கிடைப்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் எடுக்கும் முடிவு, இரண்டு ஆண்டு கழித்து எந்தக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம், எதில் விண்ணப்பிக்கவே முடியாது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போது கிடைக்கும் குரூப்களை, அவை தரும் வாய்ப்பையும் பறிக்கும் வாய்ப்பையும் வைத்து இங்கே எடை போடுகிறோம்.

முதலில் அமைப்பு. மொத்தம் 6 பாடம், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஆக 600. தமிழ் அல்லது வேறொரு மொழி, ஆங்கிலம், பிறகு 4 முதன்மைப் பாடங்கள். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாதவற்றில் 90-ம் 10-ம். இந்த 4 பாடங்களை மாணவர் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. பள்ளி கட்டித் தரும் தொகுப்பாகத்தான் எடுக்க வேண்டும். இயற்பியலோடு பொருளியல் வேண்டும், உயிரியலோடு கணக்குப்பதிவியல் வேண்டும் என்றால் வழியில்லை. இந்த ஏற்பாட்டின் மிகப்பெரிய குறை இதுதான்.

பயோ-மேத்ஸ். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். வாய்ப்புகளை அதிகம் திறந்து வைப்பது இந்தத் தொகுப்புதான்: பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசி, கட்டடக்கலை எல்லாவற்றுக்கும் தகுதி உண்டு. அதற்கான விலை பாடச்சுமை. உயிரியல் பெயருக்குத்தான் ஒரே பாடம். உள்ளே தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள், வினாத்தாளிலும் 35-35 என்று இரண்டு பகுதிகள். பொறியியலா மருத்துவமா என்று இன்னும் முடிவெடுக்காத, கணிதத்தில் நன்றாகத் தேறிய பிள்ளைக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கணிதம் தடுமாறுகிறது, நீட் மட்டுமே குறி என்றால் வேண்டாம். நீட்டில் கணிதத்துக்கு ஒரு கேள்வி கூடக் கிடையாது. 180 கேள்விகளில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் 45-45. பிளஸ் டூ கணிதத்துக்குப் போகும் மணி நேரங்களை உயிரியலுக்குக் கொடுப்பதே கணக்கு.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பியூர் சயின்ஸ்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே வகையிடலும் தொகையிடலும் (கால்குலஸ்) வந்துவிடும். கணித வகுப்பு இல்லாத குரூப் என்பதால் அதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. பியூர் சயின்ஸ் பிள்ளைகள் இயற்பியலில் தேங்கி நிற்க முக்கியக் காரணம் இது. முதல் மாதத்திலேயே திசையன், எளிய வகையிடல், தொகையிடல், மடக்கை ஆகிய நான்கையும் கணித ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால் போதும். இன்னொன்று, இந்த குரூப்பில் பொறியியல் கலந்தாய்வுக்கு வழியில்லை. மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் நர்சிங், பார்மசி, துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவம், அறிவியல் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

கம்ப்யூட்டர் மேத்ஸில், பயோ-மேத்ஸில் உள்ள உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தானும் தரவுத்தளமும். பாடம் நன்றாகவே இருக்கிறது, மதிப்பெண்ணும் எடுக்கலாம். ஆனால் "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர இந்த குரூப்தான் வேண்டும்" என்று நினைத்து எடுப்பது தவறு. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 70 எடுத்தவருக்கு 90 + 40 + 35 = 165. நான்காவது பாடம் உயிரியலா கணினியா, அதில் எத்தனை மதிப்பெண் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பயோ-மேத்ஸ் படித்தவரும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரலாம். ஆகவே கணினி அறிவியலை எடுக்க நியாயமான காரணங்கள் இரண்டு: புரோகிராமிங்கில் உண்மையான ஆர்வம், அல்லது உயிரியல் துறைகள் நிச்சயமாக வேண்டாம் என்ற தெளிவு.

காமர்ஸ் பக்கம் வருவோம். மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாகப் பல பள்ளிகள் இதை நடத்துவது பெரும் அநியாயம். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். நான்காவது பாடத்தில்தான் கதையே இருக்கிறது. அங்கே வணிகக் கணிதமும் புள்ளியியலும் வரலாம், கணினிப் பயன்பாடுகள் வரலாம், வரலாறும் வரலாம். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்), சி.எம்.ஏ. (செலவு மேலாண்மைக் கணக்காளர்) போகும் எண்ணம் இருந்தால் வணிகக் கணிதத்தையே கேளுங்கள். சி.ஏ.வின் முதல் கட்டமான பவுண்டேஷன் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம் என்றாலும், அதில் ஒரு தாள் முழுக்கக் கணிதம், தருக்கம், புள்ளியியல். வரலாறு எடுத்துவிட்டுப் பவுண்டேஷனுக்குப் போகிறவர்கள் அந்தத் தாளில்தான் அவதிப்படுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: வணிகக் கணிதம் வேறு, கணிதம் வேறு. வணிகக் கணிதத்தைக் காட்டிப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. கணினிப் பயன்பாடுகளும் கணினி அறிவியலும் அப்படித்தான் வெவ்வேறு பாடங்கள். பயன்பாடுகளில் வலைப்பக்கம் அமைப்பது, பி.எச்.பி. என்ற நிரல்மொழி போன்றவை வரும்.

கணக்குப்பதிவியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வரை இதன் நிழல்கூடப் படாத பாடம். பற்று, வரவு எது என்ற விதிகள் ஜூன், ஜூலையில் நடக்கும். குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைச் சரிபார்க்கும் பட்டியல்) எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக எழும்பி நிற்கும். முதல் ஆறு வாரத்தில் விடுப்பு எடுத்தவருக்கு இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாகாது. எங்கே பிழை என்று தேடவும் தெரியாது. பிறகு இறுதிக் கணக்குகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார். தாமதமாக குரூப் மாறி காமர்ஸுக்கு வருகிறவர்கள் திணறுவதும் இதனால்தான்.

கலைப் பிரிவில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் போன்றவை. சட்டம், இதழியல், ஆசிரியர் பணி, போட்டித் தேர்வுகள் என்று நோக்கம் தெளிவாக இருந்தால் நல்ல குரூப். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் 4 முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்தான் தரவரிசை என்பதால், பிடித்த பாடத்தில் 360 எடுப்பவர் பிடிக்காத குரூப்பில் 260 எடுப்பவரைவிட நல்ல கல்லூரிக்குப் போவார். எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு இல்லை என்பதுதான் வருத்தம்.

தொழிற்கல்வி பிரிவுகளில் செவிலியம், வேளாண் அறிவியல், அடிப்படை இயந்திரவியல், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பல உண்டு. பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி இடங்களும் இருக்கின்றன. ஆனால் தரம் முழுக்க அந்தப் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியரையும் பட்டறையையும் பொறுத்தது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் சேர வேண்டாம்.

பள்ளிகள் குரூப் ஒதுக்குவது பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை வைத்து. 500-க்கு 430 என்ற எண் உள்ளே இருப்பதை மறைத்துவிடும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறை, அது அநேகமாக எல்லோருக்கும் முழுதாகக் கிடைத்துவிடும். 75-க்கு எவ்வளவு என்று பாருங்கள். அறிவியல் 85 என்று தெரிவது, எழுத்துத் தேர்வில் 75-க்கு 60-ஆக இருக்கும். கணிதத்திலும் மதிப்பெண்ணை விடப் பழைய விடைத்தாள் நன்றாகப் பேசும். இயற்கணிதம், முக்கோணவியல் கணக்குகளைச் சொந்தமாகப் போட்டாரா, அல்லது வரைபடம், வடிவியல் என்று பிடித்துக் கரை சேர்ந்தாரா? இரண்டாம் வகையினருக்குப் பிளஸ் ஒன் கணிதம் கடினமாக இருக்கும்.

அரசுப் பள்ளி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று குரூப்பை விடப் பெரியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் இருக்கிறது. அந்த இடங்களுக்குக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை "கட்டணச் சலுகை தருகிறோம்" என்று தனியார் பள்ளி அழைக்கும்போது, பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன்னில் மாறினால் அந்த உரிமை போய்விடும். கல்லூரிப் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பொறுத்ததே.

பயிற்று மொழியும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை வேண்டுமானால், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிப் பதவிகளுக்குப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறினாலும் பாதிப்பில்லை; பட்டப்படிப்புத் தகுதிப் பதவிகளுக்கு அந்தத் தொடர் அறுந்துவிடும். மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுப்பவர்களும், டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது மிகவும் கவலை தருவது வேறொன்று. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருட்டும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் மன அழுத்தத்துக்கு இது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் திரும்பினால் இழப்பு பெரிது: நீட்டுக்கு வேண்டிய செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவு நீக்கம் எல்லாம் பிளஸ் ஒன் விலங்கியலில் இருக்கிறது. ஜே.இ.இ.க்கும் நீட்டுக்கும் வேண்டிய வெப்ப இயக்கவியல், அலைவுகள், வேதிச் சமநிலை, வேதிப் பிணைப்பு எல்லாம் பிளஸ் ஒன்தான். கணிதத்தில் வகையிடலைப் பிளஸ் ஒன்னில் விட்டவருக்குப் பிளஸ் டூவில் அதன் பயன்பாடுகள் புரியாது.

எனவே சேர்க்கைக்குப் போகும்போது பள்ளியிடம் நேராகக் கேளுங்கள். காலாண்டுக்குள் பிளஸ் ஒன் புத்தகத்தில் எந்தப் பாடம் வரை முடிப்பீர்கள்? இந்த குரூப்பின் நான்கு பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை பீரியட்? சென்ற ஆண்டு பிளஸ் ஒன் மாணவரின் செய்முறைப் பதிவேடு ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், ஆய்வகம் நடக்கிறதா பூட்டிக் கிடக்கிறதா என்பதைக் காட்டிவிடும். தேதிவாரியாக, சோதனைக்குச் சோதனை ஆசிரியர் கையெழுத்து இருந்தால் நம்பலாம். எல்லாப் பக்கமும் ஒரே மையில், ஒரே தேதியில் கையெழுத்தாகியிருந்தால் அது வருடக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது.

குரூப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் சில வாரங்களுக்குள். வேண்டிய குரூப்பில் இடம் இருக்க வேண்டும், தலைமை ஆசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும், விட்டுப்போன பாடத்தைத் தனியாகப் படித்து ஈடுகட்ட வேண்டும். மாணவர் பெயர்ப்பட்டியல் பாடவாரியாகப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறி உறுதியான பிறகு மாற்றுவது மிகவும் சிரமம். அறிவியலிலிருந்து காமர்ஸுக்கு ஜூலைக்குள் வந்துவிடுவது நல்லது. காமர்ஸிலிருந்து அறிவியலுக்குப் போக நினைப்பவர் இன்னும் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.