கார் ஆம்ப் மாட்டப் போறீங்களா? 18,500 ரூபாய் விட்டவன் சொல்றேன்

இன்னும் ஆத்திரம் அடங்கல. சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவான், அதனால போடல. பாஸ் சத்தத்துக்கு சப்வூஃபர் ஸ்பீக்கர், அதை அதிர வைக்கிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய்.

கடைக்காரர் என்னா பேச்சு! ஸ்டூல் போட்டு, டீ வரவழைச்சு, "உங்க வண்டின்னா நானே நின்னு பார்ப்பேன்ணே"ன்னார். ஆம்ப்லயே 30 ஆம்பியர் ஃபியூஸ் ரெண்டுதான் இருக்கு, பேட்டரிகிட்ட எதுக்கு 150னு கேட்டேன். "சின்னதா போட்டா பாஸ் அடிக்கிறப்ப போயிடும்ணே. பெருசுதான் சேஃப்டி. இருபது வருஷமா இதே வேலை." அந்த இருபது வருஷத்தை நம்பித்தான் அங்கேயே ஜிபே பண்ணேன்.

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது டேஷ்போர்டு அடியிலேர்ந்து புகை. பின்னாடி வந்த ஆட்டோக்காரர் ஸ்பேனரோட ஓடி வந்து பேட்டரி டெர்மினலைக் கழட்டலைன்னா வண்டியே எரிஞ்சிருக்கும். அவருக்குக் கோடி புண்ணியம்.

எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் பிரிச்சுக் காட்டினார். இன்ஜின் பக்கத்துத் தகட்டு ஓட்டையில ரப்பர் வாஷர் இல்லாம பவர் வயரை இழுத்திருக்கான். உரசி உரசித் தோல் கிழிஞ்சு பாடில பட்டிருக்கு. வயரை அறுத்தா உள்ளே வெள்ளையா அலுமினியம், மேல செம்புப் பூச்சு. தடிமன் எட்டு கேஜ்தான். 50 ஆம்பியருக்கு மேல அதுல விடவே கூடாதாம். வயர் உருகி, கார்பெட் பொசுங்கி, 150 ஃபியூஸ் மட்டும் கல்லு மாதிரி அப்படியே இருக்கு. வயரைக் காப்பாத்தத்தானேய்யா ஃபியூஸ்!

போன் பண்ணா "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்". நேர்ல போனா "அண்ணே" போய் "சார்" ஆயிட்டேன். "சவுண்டு அதிகமா வெச்சிருப்பீங்க சார். வாரன்டி ஆம்புக்குத்தான், வயருக்குக் கிடையாது." பில்லுன்னு குடுத்தது துண்டுச்சீட்டு. 18,500 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டு! கம்பெனி சர்வீஸ்லயும் வெளியில வயர் இழுத்த வண்டின்னு கையை விரிச்சுட்டாங்க.

விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. வயர் தாங்குறதுக்கு மேல ஃபியூஸ் போட விடாதீங்க. ஆம்ப்ல இருக்கிற ஃபியூஸ் எல்லாத்தோட ஆம்பியரையும் கூட்டிப் பாருங்க, அதை வயர் தாங்காதுன்னா தடிமனான செம்பு வயரா மாத்தச் சொல்லுங்க. பேட்டரியிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். பெட்டியில போட்ட 3000 வாட்ஸை நம்பாதீங்க, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து நிஜமா குடுக்கிற வாட்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம பைசா குடுக்காதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சாச்சு. நாளைக்கு மச்சானையும் கூட்டிட்டுக் கடைக்குப் போறேன். 18,500 வாங்காம வரமாட்டேன்.